காய்ச்சலோடு பெரட்டுக்கு வந்தவர்

நியூயோர்க்
28.8.1960

அன்புத் தங்கச்சி மீனம்மாவுக்கு அண்ணன் அழகுமுத்து எழுதிக்கொள்வது.

நானும் என் அடுப்பும் இங்கே சுகம். நீயும், பிள்ளை மடுவத்தில் நீ பார்த்துக்கொள்கிற பிள்ளைகளும் மூக்கு ஒழுகாமல் இருக்கிறீர்களா என்று எழுது.

நான் வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. டிக்கோயா பங்களாவில் ஒரே ஒரு நாள் என் கோழிக்குழம்பைச் சாப்பிட்ட குணரத்தினம் ஐயா, இரண்டு வருடத்துக்கு இந்தச் சமையல்காரன் வேண்டும் என்று கப்பலேற்றிக் கொண்டுவந்தாரே, இப்போது அவருக்கே அந்தக் குழம்பு அலுத்துவிட்டது. ஐயாவின் சம்சாரம் இராஜகுமாரி அம்மா மட்டும் இன்னும் ரசம் கேட்கிறார். ஐயா தேயிலைக் கம்பெனி வேலையாக ஊர் ஊராகப் போகிறார். நம் தோட்டத்தில் பறித்த கொழுந்தை இந்த ஊரில் ஐஸ் கட்டி போட்டுக் குடிக்கிறார்கள். நீ பார்த்தால் அழுதுவிடுவாய்.

இந்தக் கடிதத்தை நீ வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாய், லயத்து வரிசை வீடு அத்தனையும் கூடி நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆகையால் எல்லோருக்கும் ஒரு புதினமான செய்தி. வீட்டில் ஒரு டெலிவிஷன் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். ரேடியோ மாதிரிதான், ஆனால் பேசுகிற ஆளின் முகம் தெரியும். அடுத்த மாதம் இந்த நாட்டு ஜனாதிபதிப் பதவிக்கு நிற்கிற இரண்டு பேரும் அந்தப் பெட்டிக்குள் நேருக்கு நேராக நின்று வாதம் செய்யப் போகிறார்களாம். நாடே பார்க்குமாம். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஒரு சின்னச் சளி. வேறு விசேஷம் இல்லை. வேலாயி அக்காவுக்கும் மாயாண்டிக் கங்காணிக்கும் என் கும்பிடு.

உன் அண்ணன்,
அழகுமுத்து

*

நடுக்கணக்கு லயம்
ஆனைப்பாறைத் தோட்டம், டிக்கோயா
12.9.1960

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் தங்கச்சி மீனம்மா எழுதுவது.

இங்கே மழை சுகமாக இருக்கிறது. நாங்கள்தான் நனைந்துகொண்டிருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி?

கடிதம் வந்த அன்று பின்னேரம் இருபது பேருக்கு மேல் வாசலில் கூடிவிட்டார்கள். நான் வாசித்தேன். ஐஸ் கட்டித் தேத்தண்ணீர் என்று வந்ததும் வேலாயி அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "அட்டைக் கடியில நின்னு பறிச்சது இதுக்குத்தானா?" என்றது. மாயாண்டிக் கங்காணி முகம் தெரிகிற ரேடியோவை நம்பவில்லை. "அவன் சின்னதிலயிருந்தே புளுகன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பு மாஸ்டர் பள்ளிக்கூடத்து வீட்டில் பட்டரி ரேடியோ வைத்திருக்கிறார். அந்த வாதத்தை இங்கிலீஷிலேயே கேட்டு எங்களுக்குத் தமிழில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். யாழ்ப்பாணத்து மனிதர், சொன்னால் செய்வார்.

அண்ணே, உங்கள் சளியை மட்டும் நான் வாசித்துக் காட்டவில்லை. அந்த வரியைத் தாண்டிவிட்டேன். அப்பா இருமிய அந்த ஒரு வருடம் நம் வாசலில் ஒருவரும் உட்காரவில்லை என்பது உங்களுக்கு மறந்திருக்காது. நம் வீட்டு வாளியைக்கூடத் தண்ணீர்ப் பீலியில் தள்ளி வைத்தார்கள். இப்போது அவர்கள் பிள்ளைகளை நம்பி என் கையில் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறார்கள். அதனால் சளி கிளி என்று எழுதினால் தனித் தாளில் எழுதுங்கள்.

எல்லோரும் போன பிறகு நம் ஒற்றை அறைக் காம்பராவில் நான் ஒருத்தி. உங்கள் தட்டையும் சேர்த்துக் கழுவிவைக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
மீனம்மா

*

நியூயோர்க்
28.9.1960

அன்பான தங்கச்சிக்கு,

நான் சுகம்! பெரிய சுகம்! நீ, லயத்தார், மழை, அட்டை எல்லோரும் சுகமா?

பார்த்துவிட்டேன், மீனம்மா! முந்தாநாள் சாப்பாட்டுக்குப் பிறகு ஐயா வீட்டில் ஆறு விருந்தாளிகள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு கதவடியில் நின்றேன். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் விளங்கும். அதனால் காதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு பேர். ஒருவர் இளந்தாரி, வெயிலில் நின்ற நிறம், சிரித்த முகம். நேராக நம்மைப் பார்த்தே பேசுகிறார். மற்றவர் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரல் போகும், அவ்வளவு தொளதொளப்பு. மேலுதட்டில் வேர்வை. துடைக்கிறார், திரும்பவும் வேர்க்கிறது. ஒரு காலில் பாரம் போடாமல் நிற்கிறார். நான் என்னை அறியாமல், "இந்தாளு காய்ச்சலோட பெரட்டுக்கு வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

ஐயா திரும்பி, "நீ என்னடா சொல்லுறாய்?" என்றார். சொன்னேன். காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு நோயோடு வந்து நிற்கிறவன் என்று அவர் விருந்தாளிகளுக்கு இங்கிலீஷில் விளக்க, ஆறு பேரும் கைதட்டினார்கள்! அந்த மனிதர் முழங்காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போதுதான் எழுந்து வந்தவராம். அம்மா சொன்னார். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பங்களா அடுப்படிக்குப் போவதற்கு முதல், மலையில் வேலை செய்த காலத்தில் நான் செய்யாத வேலையா? காய்ச்சல் அடிக்கும்போதெல்லாம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாக "இருக்கேன்!" என்று கத்தி மாயாண்டிக் கங்காணியை ஏமாற்றுவேனே. உனக்கு ஞாபகம் இருக்கும்.

மறுநாள் ஊர் முழுக்க இதே பேச்சு. பத்திரிகைக்காரர்கள் அவர் என்ன சொன்னார் என்பதைவிட முகத்தில் என்ன பவுடர் போட்டார் என்றுதான் ஆராய்கிறார்கள். கீழ்வீட்டு டாக்சிக்காரன் காரில் ரேடியோவில் கேட்டவன். அந்த வேர்வைக்காரர்தான் ஜெயித்தார் என்று சத்தியம் செய்கிறான். மாடியில் பார்த்தவர்கள் சிரிப்புக்காரர் ஜெயித்தார் என்கிறார்கள். ஒரே வாதம், இரண்டு முடிவு!

உனக்கு மட்டும்: சளி போயே போய்விட்டது! கவலை வேண்டாம்!

அழகுமுத்து

*

ஆனைப்பாறைத் தோட்டம்
12.10.1960

அண்ணனுக்கு மீனம்மாவின் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் பெரிய சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். சின்னச் சுகமே எனக்குப் போதும்.

உங்கள் கடிதத்தால் லயம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தம்பு மாஸ்டர் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே ரேடியோவில் முழுவதும் கேட்டு, வேர்வைக்காரர்தான் ஜெயித்தார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். பதினைந்து நாள் அதையே நம்பிக்கொண்டிருந்தோம். நீங்கள் வேறு மாதிரி எழுதியதும் அவருக்குக் கோபம்.

"ஒவ்வொரு கேள்விக்கும் கணக்காப் பதில் சொன்னவர் அவர்தான். முகத்தைப் பாத்து என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

வேலாயி அக்கா விடவில்லை. "ஏங்க மாஸ்டர், பொண்ணு பாக்கப் போனா கொரலை மட்டும் கேட்டுட்டா வருவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மாயாண்டிக் கங்காணி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "காய்ச்சலோட வந்தவனை நானா இருந்தா அப்பவே திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார்.

"நீங்க எங்க அனுப்புனீங்க? மூஞ்சியை எங்க பாக்குறீங்க? 'இருக்கேன்'னு ஒரு சத்தம் வந்தாப் போதும், பேர் போட்டுடுவீங்க" என்றது வேலாயி அக்கா. கங்காணி எழுந்து போய்விட்டார்.

இப்போது பெண்கள் எல்லோரும், காய்ச்சலோடு வந்து நின்ற மனிதர் என்று இரக்கப்பட்டு, வேர்வைக்காரர் கட்சி. ஆம்பிளைகளில் பாதிப் பேர் சிரிப்புக்காரர் கட்சி. இந்த வருடம் இந்த நாட்டில் இரண்டு தடவை எலெக்சன் நடந்தது. பிரஜாவுரிமை இல்லாத நம் லயத்தில் ஒருவரையும் வோட்டுப் போட யாரும் கூப்பிடவில்லை. அமெரிக்காவுக்காவது சண்டை போடுவோமே என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நீங்கள் காய்ச்சலோடு பெரட்டில் நின்று கத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மீனம்மா

*

நியூயோர்க்
24.10.1960

எங்கள் ஆனைப்பாறைத் தோட்டத்து அரசியல்வாதி மீனம்மா அவர்களுக்கு!

நான் கல்லுமாதிரி இருக்கிறேன்! நீயும் அப்படியே இருக்க முருகன் துணை!

உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன்! வேலாயி அக்காவை இங்கே அனுப்பினால் பெட்டிக்குள் நிறுத்திவிடுவார்கள்! நாலாவது வாதமும் வெள்ளிக்கிழமை முடிந்தது! இந்த முறை ஐயா வீட்டில் பார்க்கவில்லை. ஒரு பெரிய கூடம், நாற்பது பேர், சுவரில் உயரத்தில் ஒரு டெலிவிஷன். சத்தம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னதால் சத்தத்தை அடக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தோம். நாற்பது பேரும் படுத்துக்கொண்டே பார்த்தார்கள். இங்கே எல்லோரும் வேர்வைக்காரர் பக்கம்தான்! பக்கத்து ஆள் ஒரு கிழவர், கறுப்பு மனிதர், தங்கமானவர். படத்தில் அந்த மனிதர் முகத்தைத் துடைக்கும்போதெல்லாம் இவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தைரியம் சொல்கிறார். எனக்கு அவர் சொன்னது அவ்வளவும் விளங்கியது.

வேர்வைக்காரர் இப்போது பரவாயில்லை, உடம்பு தேறி, பவுடரும் ஒழுங்காகப் போட்டிருந்தார். ஆனால் முதல் நாள் பார்த்த முகத்தை ஊர் மறக்க மாட்டேன் என்கிறது. ஒரு நாள் நோயாளியாக நின்றுவிட்டால் பிறகு எப்போதும் நோயாளிதான் போலும். பாவம்.

கடிதத்தை எப்போதும் போல ஐயா விலாசத்துக்கே போடு. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருவார்.

உன் அண்ணன்,
அழகுமுத்து!

*

ஆனைப்பாறைத் தோட்டம்
10.11.1960

அண்ணனுக்கு,

இங்கே நான் இருக்கிறேன். அங்கே நீங்கள் எப்படி என்பதுதான் கேள்வி. அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலில் லயத்தார் எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை விட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நம் லயத்தில் எலெக்சன் நடந்தது. வேலாயி அக்காவின் யோசனைதான். பிள்ளை மடுவத்து வாசலில் இரண்டு கொழுந்துக் கூடைகள் வைத்து, ஒன்றில் கைக்குட்டையும் மற்றதில் சீப்பும் கட்டினோம். கைக்குட்டை வேர்வைக்காரருக்கு, சீப்பு சிரிப்புக்காரருக்கு. ஆளுக்கொரு தேயிலைக் கொட்டை. எல்லோரும் குளித்து, நல்ல சேலை கட்டி, வரிசையாக வந்தார்கள். சிரிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கொட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கோயிலுக்குள் போவது மாதிரிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். வேலாயி அக்கா போட்டுவிட்டு வந்து, "நம்ம வாழ்க்கையில மொத வோட்டு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மாஸ்டர் எண்ணினார். கைக்குட்டைக்கு எழுபத்திரண்டு, சீப்புக்கு நாற்பத்தொன்பது. காய்ச்சலோடு வேலைக்கு வந்தவனை நாம் கைவிடலாமா என்பதுதான் பெண்களின் ஒரே பேச்சு. நேற்று ரேடியோவில் அமெரிக்கா சிரிப்புக்காரரைத் தெரிவு செய்துவிட்டது என்று சொன்னார்கள். லயம் துக்கத்தில் இருக்கிறது. "அவுங்களுக்குப் பெரட்டுன்னா என்னான்னு தெரியாது" என்று சொல்லிவிட்டது வேலாயி அக்கா.

இனி என் கேள்வி. நாற்பது பேரும் படுத்துக்கொண்டே பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கூடத்தில் நாற்பது பேர் படுத்துக்கொண்டு படம் பார்க்கிறார்கள்? ஐயா வீட்டில் இருக்கிற உங்களுக்குக் கடிதத்தை ஐயா ஏன் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தர வேண்டும்? இராஜகுமாரி அம்மாவுக்கு இப்போது ரசம் வைப்பது யார்?

வாசித்தபோது இவற்றையும் தாண்டிவிட்டேன். இப்போது உங்கள் கடிதங்களில் வாசிக்கிற வரிகளைவிடத் தாண்டுகிற வரிகள் கூடிக்கொண்டு போகின்றன.

மீனம்மா

*

ஆனைப்பாறைத் தோட்டம்
5.12.1960

அண்ணனுக்கு,

சுகம் விசாரித்து எழுதுவதற்கு முதல் ஒரு பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தபால் ஆபீசுக்கு வருகிற நேரம் எனக்குத் தெரியும். பிள்ளைகளைத் தூளியில் போட்டுவிட்டு வாசலில் நின்று பார்க்கிறேன். தபால்காரர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆவணியில் எழுதியதில் ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை. புரட்டாதியில் ஏழெட்டு. ஐப்பசியில் எழுதியதைப் பார்த்தால் கடிதமே கத்துகிறது. கையெழுத்துப் போட்ட இடத்தில்கூடக் குறி. அண்ணே, கூட்டத்துக்குப் பின்னால் நின்று நீங்கள் "இருக்கேன்!" என்று கத்தும்போது மாயாண்டிக் கங்காணி ஏமாந்தார். நான் உங்கள் பக்கத்திலேயே நின்றவள். உங்கள் கை என் தோளில் சுடும்.

ஒரு போட்டோ அனுப்புங்கள். பெரிதாக வேண்டாம். முகம் தெரிந்தால் போதும்.

மீனம்மா

*

நியூயோர்க்
21.12.1960

அன்புள்ள மீனம்மாவுக்கு,

சுகமே! பதில் பிந்தியதற்கு வேலைதான் காரணம்! கிறிஸ்மஸ் காலம், விருந்துக்கு மேல் விருந்து!

நீ கேட்ட போட்டோ இதோ! சட்டை ஐயா கொடுத்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகத் தெரிவது பனி. நம் நாட்டுப் பட்டிப்பொல மலைப் பக்கம் விடியற்காலையில் புல்லின் மேல் கிடக்குமே, அதுவே முழங்கால் உயரத்துக்கு! முகத்தைப் பார், எப்படி மினுங்குகிறேன்! லயத்தில் எல்லோருக்கும் காட்டு. சந்தேகப்பட்டதற்கு எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது!

வேலாயி அக்காவிடம் சொல், வேர்வைக்காரர் தோற்றது மிகக் கொஞ்ச வோட்டில்தான். நம் எழுபத்திரண்டை எண்ணியிருந்தால் ஒருவேளை!

அண்ணன்,
அழகுமுத்து

*

ஆனைப்பாறைத் தோட்டம்
8.1.1961

என் அண்ணனுக்கு,

தைப்பொங்கலுக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. காம்பராவுக்கு வெள்ளையடித்துவிட்டேன். இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. பார்த்துவிட்டேனே.

போட்டோவை லயம் முழுக்கக் கொண்டுபோனார்கள். "தொரை மாதிரி ஆயிட்டாரு" என்றது வேலாயி அக்கா. "நல்லாச் சாப்புடுறான் போல, கன்னம் பளபளங்குது" என்றார் மாயாண்டிக் கங்காணி. எல்லோருக்கும் சந்தோஷம். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

முகத்துக்குப் பவுடர் போட்டிருக்கிறீர்கள். யார் போட்டுவிட்டார்கள்? நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் கழுத்துக்குப் போட மறந்துவிட்டார்கள். தாடையோடு ஒரு கோடு தெரிகிறது. அதற்குக் கீழே அப்பாவின் கழுத்து. சட்டைக் கழுத்துக்குள் என் விரலை வைத்து அளந்து பார்த்தேன். இரண்டு விரல் இல்லை அண்ணே, நாலு விரல் போகும்.

வேர்வைக்காரரைப் பற்றி எனக்கு அவ்வளவும் எழுதிக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். நோயை எப்படிப் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று எல்லாம் எழுதிவிட்டு, என்னிடமே ஒளிக்கப் பார்க்கிறீர்கள்.

ஏன் ஒளிக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். சயரோகம் என்று ஒரு வரி எழுதினால் அது லயத்துக்குத் தெரிந்துவிடும், பிள்ளைகளை என் கையில் தர மாட்டார்கள், வாளியைத் தள்ளி வைப்பார்கள் என்றுதானே? தள்ளி வைக்கட்டும். பிள்ளை மடுவம் இல்லாவிட்டால் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறேன். கொழுந்துக்கு நோய் ஒட்டாது. எனக்கு இந்த உலகத்தில் இருப்பது நீங்கள் ஒருவர். நீங்கள் அங்கே தனியாகக் கிடந்து, நான் இங்கே சுகமாக இருந்து என்ன செய்ய?

நோயோடு வந்தாலும் சரி. வந்துவிடுங்கள். எவ்வளவு என்று உண்மையை எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
மீனம்மா

*

ஆனைப்பாறைத் தோட்டம்
20.2.1961

ஆறு கிழமையாகப் பதில் இல்லை.

இன்று காலை பிள்ளை மடுவத்துக்குப் போவதற்கு முதல் பெரட்டில் நின்றேன். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். உங்கள் பேரைச் செக்ரோல் பதிவுப் புத்தகத்தில் இருந்து எடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் உங்கள் பேர் வருகிற இடத்தில் என் காது கொஞ்சம் நிற்கிறது.

கூடப்பிறந்த மூத்தவரைப் பேர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அம்மா இருந்தால் வாயில் போட்டிருப்பாள். இந்த ஒரு தடவை மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு எப்படிக் கேட்டாலும் நீங்கள் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். பெரட்டில் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை.

அழகுமுத்து!

*

நியூயோர்க்
7.3.1961

தங்கச்சி,

பேர் கூப்பிட்டது கேட்டது.

இதை வாசலில் உட்கார்ந்து வாசிக்காதே. கதவைச் சாத்திக்கொள். நானே எழுதுகிறேன், ஆனால் மூன்று நாளாக எழுதுகிறேன்.

புரட்டாதி மாதம் அந்த முதல் வாதம் நடந்த அன்று தட்டோடு கதவடியில் நின்றேனே, அன்று எனக்கும் காய்ச்சல். பெட்டிக்குள் நின்றவரைப் பார்த்து நான் சொன்னதற்கு விருந்தாளிகள் கைதட்டினார்கள். பின்னால் நின்ற என்னை யாரும் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து அடுப்படியில் இரத்தமாகத் துப்பினேன். ஐயாவே காரில் ஏற்றிக்கொண்டு வந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்றிலிருந்து இங்கேதான். நாற்பது கட்டில். ஞாயிறு தவறாமல் ஐயாவும் அம்மாவும் வருகிறார்கள். பவுடர் போட்டது ஒரு நர்ஸ். தங்கச்சிக்குப் போட்டோ அனுப்ப வேண்டும் என்று கேட்டேன், தன் பையில் இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டாள். கழுத்து எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நீ எழுதியதைப் படித்த பிறகு பொய் எழுத வரவில்லை. உண்மை எழுதவும் கை வரவில்லை. அதுதான் ஆறு கிழமை. தை மாதம் இடது பக்கத்து நுரையீரலை வெட்டி எடுத்தார்கள். மருந்து கேட்கிறது என்கிறார்கள். சளியில் இப்போது கிருமி இல்லையாம், யாருக்கும் ஒட்டாதாம், அதை எழுத்தில் தருவதாக டாக்டர் சொன்னார். தம்பு மாஸ்டர் அதை வாசித்துச் சொன்னால் லயம் கேட்குமோ என்னவோ. கப்பலில் போகலாமா என்று சித்திரையில் பார்த்துச் சொல்வார்கள். போகலாம் என்று சொல்லாமலும் விடலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், ஒன்றும் மறைக்கவில்லை.

பக்கத்துக் கட்டில் கிழவர் மாசியில் போய்விட்டார். அந்தக் கட்டிலில் இன்னும் ஆள் வரவில்லை. டெலிவிஷனில் புது ஜனாதிபதி அடிக்கடி வருகிறார். எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. தோற்றவரை இப்போது ஒருவரும் காட்டுவதில்லை. அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது தப்பில்லை. இங்கே வந்த நாள் முதல் இந்தக் கூடத்தில் என் பேரை ஒழுங்காகச் சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. உன் தாளில் அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

என் தட்டைக் கழுவி வை.

இருக்கேன், மீனம்மா. மெதுவாகத்தான் சொல்கிறேன். கேட்குதா?

அண்ணன்